நாலு விரல் கண்

அந்தச் சாக்கின் மேல் காலை வைக்காதீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே வலை இருக்கிறது. மிதிபட்டால் கண் இழுபடும். கண் இழுபட்டால் நான் சேலம் வரைக்கும் போய்ப் பேசப்போகிற பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். என் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறேன். ஆயிற்று. நீங்கள் தாராளமாக உட்காருங்கள்.

நான் பஸ்ஸில் பக்கத்து ஆளோடு பேசுகிறவன் இல்லை. தெரிந்தவர்களோடே எனக்கு அவ்வளவாகப் பேச வராது. நீங்கள் ஏறும்போதே பார்த்தேன். மீன் வியாபாரியாக இருந்தால் பையில் வாடை இருக்கும், உங்களிடம் இல்லை. மீன்வளத்துறை ஆளாக இருந்தால் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், அதுவும் இல்லை. சேலத்தில் இறங்கி உங்கள் வழியில் போய்விடுவீர்கள். அதனால் சொல்கிறேன். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

என் பெயர் சித்தையன். வயது அறுபத்தெட்டு. படிப்பு ஐந்தாவது. பூதிப்பாறை அணையில் மீன்பிடிக்கிறேன். அங்கே மொத்தம் நாற்பத்திரண்டு பரிசல். பரிசலுக்கு இரண்டு பேர், துடுப்புக்கு ஒருவர், வலைக்கு ஒருவர். ஆக எண்பத்து நான்கு பேர். அதில் பெண்கள் பதினேழு.

எட்டு வருடத்துக்கு முன்பு வரை அணை மீன் ஒரு குத்தகைக்காரர் கையில் இருந்தது. அவருடைய ஆட்கள் கொசுவலை மாதிரி வலையைப் போட்டு விரல் நீளக் குஞ்சு வரைக்கும் அரித்து எடுத்தார்கள். கடைசி வருடம் ஒரு கட்லா கண்ணில் படவில்லை. ஜிலேபியும் கெளுத்தியும்தான் மிச்சம். குத்தகை முடிந்ததும், இனி நீங்களே குழு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் விட்டார்கள். குஞ்சு விடுவது நாங்கள், காவல் இருப்பது நாங்கள், பிடிப்பதும் நிறுப்பதும் நாங்கள். ஆவணியில் விட்ட குஞ்சு மறு ஆவணிக்கு ஒரு கிலோ தாண்டும். அதுவரை அது வலையில் மாட்டாமல் நுழைந்து போய்விட வேண்டும். அதற்காகத்தான் கண் அளவு. நாலு அங்குலத்துக்குக் குறைந்த கண் தண்ணீரில் இறங்கக் கூடாது. எங்கள் சட்டத்தில் அதுதான் முதல் சட்டம்.

அளந்து பார்க்கத் துறையிலிருந்து ஓர் இரும்புத் தகடு கொடுத்தார்கள். கண்ணுக்குள் தகடு நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் கள்ள வலை. மூன்றாம் மாதமே அந்தத் தகடு இளைத்துவிட்டது. யாரோ அரத்தைப் போட்டு விளிம்பைத் தேய்த்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. தகடு இருந்த அறைக்குப் போய்வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பெயரும் என்னிடம் இருக்கிறது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். மற்ற ஐந்து பேரை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது கரையில் கூட்டம் போட்டார்கள். தலைவர் அங்கமுத்து எழுந்தார். "தகட்ட எவன் வேணா அரம் போடலாம்யா. சித்தையன் கையை எவன் அரம் போடுவான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதையே முடிவாக எழுதிவிட்டார்கள். துறை ஆள் அன்று புத்தம்புது நாலு அங்குல வலை ஒன்று கொண்டுவந்திருந்தார். நான் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நாலு விரலையும் சேர்த்து ஒரு கண்ணுக்குள் விட்டேன். இரண்டாவது கணு வரைக்கும் போய் உறை போட்ட மாதிரி நின்றது. அதுதான் அளவு. தானாகப் போக வேண்டும், தள்ளக் கூடாது.

ஏன் என் கை என்று கேட்பீர்கள். நான் யாரிடமும் போய் நிற்கிறவன் இல்லை. யார் வீட்டு விசேஷத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை, அவனுக்காக ஒருத்தருக்குச் சலுகை காட்ட. அன்றிலிருந்து என் கைக்கு ஒரு பெயர் வந்தது. புது வலை வாங்கப் போகிற எங்கள் ஆட்கள் கடையில் நின்று, "சித்தையன் கைக்குப் போவுமா?" என்று கேட்பார்களாம். நல்லம்மா, என் வீட்டுக்காரி, இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேட்டுக்கொள்வேன்.

ஒவ்வொரு அமாவாசையும் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் எல்லா வலையும் கரைக்கு வந்துவிட வேண்டும். பரிசலுக்கு ஒரு வலைதான் அனுமதி. நான் பலகையில் உட்காருவேன். முகத்தைப் பார்ப்பதில்லை, வலையை மட்டும் பார்ப்பேன். ஒரு வலைக்கு ஐந்து இடம். இரண்டு ஓரம், நடு, மேல், அடி. நாற்பத்திரண்டு வலைக்கு இருநூற்றுப் பத்து முறை கை உள்ளே போய் வெளியே வரும். வருடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. எட்டு வருடத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இருபதாயிரத்துக்கு மேல் வரும். ஒரு தடவைகூட நான் ஓர் இடத்தை விட்டதில்லை, காய்ச்சலில்கூட.

முதல் வருடம் நாலு வலை தவறியது. அடுத்த வருடம் மூன்று. மூன்றாம் வருடம் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மீனும் ஏறிவிட்டது. பதினாறு கிலோ கட்லா ஒன்று வேடியப்பன் வலையில் விழுந்து இரண்டு பேராகத் தூக்கி வந்தார்கள். நாங்கள் திருந்திவிட்டோம் என்று நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன்.

போன வருடம் ஐப்பசியில் ஆரம்பித்தது. முதலில் இரண்டு வலை. கார்த்திகையில் மூன்று. மார்கழியில் ஏழு. ஏழு வலை, ஐயா! இதில் பாருங்கள், நான் ஒன்று கவனித்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை. குளிர் ஏற ஏறத் திருட்டும் ஏறுகிறது. பங்குனியில் ஒன்றுக்கு இறங்கியது. சித்திரை, வைகாசியில் ஒன்றுகூட இல்லை. வெயிலுக்குப் பயந்து திருந்திவிட்டார்கள் என்று பார்த்தால், ஆடிக்காற்றும் சாரலும் வந்தவுடன் மறுபடி நாலு. இந்த ஐப்பசியில் நாலு, கார்த்திகையில் ஆறு, நேற்று மார்கழி அமாவாசைக்கு ஒன்பது. பதினைந்து மாதத்தில் ஐம்பது. குளிர்காலத்தில் மட்டும் மனிதனுக்கு ஏன் கள்ள புத்தி வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஆறு மணிக்கு முதலில் வருகிறவர்கள் வலைதான் தவறும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு வருகிறவர்கள் வலை சரியாக இருக்கும். அதாவது குற்றமுள்ள ஆள் சீக்கிரம் காட்டித் தப்பித்துவிடலாம் என்று முண்டியடித்து முன்னால் வருகிறான். மடியில் கனமில்லாதவன் சாவகாசமாக வருகிறான். சரியாகத்தானே இருக்கிறது?

இதிலே எனக்குப் பிடிபடாத ஒரே விஷயம் மீன். கள்ள வலை போட்டால் குட்டி மீன் விழ வேண்டும். தராசு போடுகிற இடத்தில் நான் ஒளிந்திருந்து பார்த்தேன். ஒரு குட்டி மீன் வரவில்லை. எல்லாம் ஒரு கிலோவுக்கு மேல்தான். அதுதான் என் சந்தேகத்தை அதிகமாக்கியது. அப்படியானால் குட்டி மீனையெல்லாம் எங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள்? பென்னாகரம் சந்தைக்குப் போய்ப் பார்த்தேன். மேச்சேரிக்குப் போனேன். தருமபுரிக்கு இரண்டு தடவை போனேன். எங்கேயும் இல்லை. எனக்குத் தெரியாத நாலாவது சந்தை ஒன்று வைத்திருக்கிறார்கள்.

யாரை நம்புவது, சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு மாதிரியாக இருக்கிறது. நல்லம்மா முன்பெல்லாம் சோற்றைப் போட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். இப்போது ஒரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து உருட்டி வைக்கிறாள். சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுகிறாள். இந்தச் சட்டைக்கும் அவள்தான் போட்டாள். கேட்டால், "குளுரு காலம், விடுங்க" என்கிறாள். நாற்பத்து மூன்று வருடத்தில் இல்லாத உபசாரம் இப்போது எதற்கு? ஏதோ ஒன்றை மறைக்கிறவர்கள்தான் இப்படி அளவுக்கு மீறி அன்பாக இருப்பார்கள்.

அவள் பெருமாயிக்கு ஒன்றுவிட்ட நாத்தனார். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாயி யார் என்று சொல்லவில்லையே. அந்தப் பதினாறு கிலோ கட்லா பிடித்தான் என்றேனே வேடியப்பன், அவன் பெண்டாட்டி. போன வருடம் மதகுப் படியில் வழுக்கி விழுந்து வேடியப்பனுக்கு இடுப்பு போய்விட்டது. படுக்கைதான். மகன் கர்நாடகாப் பக்கம் லாரியில் போகிறான், எப்போதாவது வருவான். பரிசலைப் பெருமாயி எடுத்துக்கொண்டாள். துடுப்புக்கு மருமகள். பெருமாயிக்குக் கை சுறுசுறுப்பு, வாயும் சுறுசுறுப்பு. சந்தைக்குப் போக வேண்டுமென்று அமாவாசைக்கும் அவள்தான் முதல் ஆள். ஆறு மணிக்கு நான் பலகையில் உட்காரும் முன்பே வலையோடு நிற்பாள். அப்போதே எனக்கு அவள் மேல் ஒரு கண்.

இந்த ஐப்பசியில் அவள் வலை தவறியது. முதல் தடவை எச்சரிக்கை. கார்த்திகையில் மறுபடி தவறியது. இரண்டாம் தடவை வலையை வெட்ட வேண்டும். அங்கமுத்து கத்தியை எடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "வெட்டட்டுமா சித்தையா?" என்று இரண்டு தடவை கேட்டார். சட்டம் அவருக்குத் தெரியாதா? "வெட்டுங்க" என்றேன். பதினைந்து மாதத்தில் அது பன்னிரண்டாவது வலை. வெட்டிய வலையைப் பெருமாயி எடுத்துக்கொள்ளவில்லை. கரையிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் தடவை தவறினால் ஆறு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது. நேற்றுக் காலை அவள் புது வலையோடு வந்தாள். மருமகளும் கூட வந்திருந்தாள். ஐந்து மாத வயிறு, போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். நல்ல பனி. அக்கரை தெரியவில்லை.

"அண்ணா, புதுசு. சீட்டுக்கூடக் கிழிக்கல. பாருங்க, நாலுன்னு போட்டிருக்குது."

"சீட்டுல என்ன வேணா போடலாம்மா."

கையை விட்டேன். முதல் கணுவிலேயே நின்றுவிட்டது. நடுவில் விட்டேன். மேலே விட்டேன். ஐந்து இடமும் பார்த்தேன். ஐந்திலும் முதல் கணு.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணா."

"தள்ளக் கூடாது. தானாப் போவணும்."

"ஆனி மாசம் போச்சே? அதே கடை, அதே நூலு."

"அது வேற வலை."

"நெய்யறது ஒரே மிசினுதானேண்ணா? எனக்குன்னு தனியாக் கண்ணைச் சுருக்கி நெய்வானா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. "மூணு தடவை ஆச்சு பெருமாயி. ஆறு மாசம்" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "ஆறு மாசம்னா நான் எதைத் திங்கிறதுண்ணா? நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சூளை லாரி வருது. அதுல பேரு குடுத்துருவேன். இவளையும் இந்த வயித்தோட கூட்டிக்கிட்டுப் போயி மண்ணு மிதிக்க வெக்கணும். அவரை அந்த இடுப்போட லாரியில தூக்கிப் போடணும். சரிதானா?"

"நானா சொல்றேன்? சட்டம்மா."

"சட்டத்தையா கேட்டேன்? உங்க கையைக் காட்டுங்கண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருடத்தில் ஒருவர் அப்படிக் கேட்டதில்லை. கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். பரிசல் முத்தான் என்று ஒரு வாயாடி இருக்கிறான், "என்னாக்கா, மாமனுக்குக் கைரேகை பாக்கப் போறியா?" என்றான். ஒரு சிரிப்பு எழுந்தது. உடனே அடங்கியும் போனது. அடங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ எல்லாரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"காட்ட வேணாம்" என்றாள் பெருமாயி. "உங்க வலையக் கொண்டாங்க. அதுல விட்டுப் பாருங்க. போச்சுன்னா, நான் வாயைத் தெறக்காம லாரி ஏறிடறேன்."

கேட்டாளே ஒரு கேள்வி. நான் விடுவேனா? எழுந்து வீட்டுக்கு நடந்தேன். என் வலை போன வருடம் ஐப்பசியிலிருந்து விட்டத்தில்தான் தொங்குகிறது. நான் தண்ணீரில் இறங்கியே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வருகிற துடுப்புகள் சரியில்லை. மரம் மோசம், பிடியில் நிற்பதில்லை, கையைவிட்டு வழுக்குகிறது. அதனால் வைத்துவிட்டேன்.

வலையை இறக்கப் போனால் நல்லம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வேணாங்க. அதை எடுத்துக்கிட்டுப் போவாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"சும்மாத்தான்."

சும்மா என்று சொல்கிறவர்கள் ஒருவரும் சும்மா சொல்வதில்லை. நான் அவளை விலக்கிவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். கரையில் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பலகையில் உட்கார்ந்து விரித்தேன். கையை விட்டேன்.

முதல் கணு.

ஓரத்தில் விட்டேன், அடியில் விட்டேன். ஐந்து இடத்திலும் முதல் கணு. என் வலையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வலையில் நான் பதினோரு இடத்தில் நீல நூலால் தைத்திருக்கிறேன். எண்ணினேன். பதினொன்றும் இருந்தது. என் முடிச்சு இடது பக்கம் திரும்பும், அதை வேறு யாரும் போட முடியாது. அதுவும் இருந்தது. என் வலைதான். நான் ஆறு வருடம் போட்ட வலை. ஒவ்வொரு மாதமும் நானே அளந்து நானே சரி என்று சொன்ன வலை.

என்ன செய்வது? சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். எழுந்து நின்று சொன்னேன். எனக்குக் கூட்டத்தில் நின்று பேசி வழக்கமில்லை. "சித்தையன் வலை. அளவு குறைவு. முதல் தடவை. எச்சரிக்கை" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பரிசல் முத்தான்கூட. பெருமாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. "பாவம்" என்றாள். மருமகளைச் சொன்னாளோ, வேடியப்பனைச் சொன்னாளோ தெரியவில்லை. புது வலையை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கமுத்து வந்து என் தோளில் கை வைத்தார். "விடு சித்தையா. துறையில புதுசா பிளாஸ்டிக் அளவு வந்திருக்குதாம். ஒண்ணு வாங்கிப் போட்டுக்கலாம். நீயும் எத்தனை வருசம்தான் பனியில வந்து குந்துவே?" என்றார். பார்த்தீர்களா? தகடு இருந்த அறைக்குப் போய்வந்த அந்த ஏழு பேரில் அங்கமுத்துவும் ஒருவர். சொன்னேனா அதை? சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ராத்திரி பூராவும் யோசித்தேன். எங்கள் ஊர் வலை அத்தனையும் சேலத்தில் ஒரே கடையில் வாங்கியது. என்னுடையதும் அங்கேதான். அப்படியானால் குற்றம் கடையில் இருக்கிறது. போகப் போகச் சுருங்குகிற நூலைப் போட்டு விற்றிருக்கிறான். விட்டத்தில் தொங்கிய வலை சுருங்கியிருக்கிறதென்றால் தண்ணீரில் கிடந்த வலை சுருங்காதா? அதனால்தான் இந்தச் சாக்கு. கடைக்காரன் மேசையில் இதைப் பிரித்துப் போட்டு, அவன் கண்ணெதிரே கையை விட்டுக் காட்டப்போகிறேன். அவன் ஒத்துக்கொண்டால் பெருமாயி மேல் குற்றமில்லை என்று எழுதி வாங்கிவிடலாம். நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. எனக்கு அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ன? நீங்கள் விட்டுப் பார்க்கிறீர்களா? எதற்கு? சரி, பாருங்கள். நஷ்டம் ஒன்றுமில்லை. சாக்கின் வாயைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள், முடிச்சு எனக்கு வரமாட்டேன் என்கிறது. நல்லம்மா வேண்டுமென்றே இறுக்கிக் கட்டியிருக்கிறாள். ம். கட்டைவிரலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு விரலும் ஒட்டியிருக்க வேண்டும். தள்ளக் கூடாது. விடுங்கள்.

போய்விட்டதே.

இரண்டாவது கணு. இருங்கள், எடுக்காதீர்கள். பார்க்கிறேன். இரண்டாவது கணுதான்.

உங்கள் கை சின்னக் கையாக இருக்கும். எங்கே, என் உள்ளங்கை மேல் வையுங்கள். அடியும் அடியும் சேரட்டும். உங்கள் விரல் நுனி என்னுடையதைத் தாண்டிப் போகிறது. உள்ளங்கையும் அகலம். கணு மட்டும் என்னுடையதுதான் தடிமன். என்ன தொழில் என்றீர்கள்? மளிகைக் கடையா? மூட்டை தூக்குகிற கை. பெரிய கைதான்.

மறுபடி விடுங்கள். இந்த ஓரத்தில். நடுவில். இதோ, இந்த நீல நூலுக்குப் பக்கத்தில். அடியில் ஒன்று. ஐந்து ஆயிற்று. ஐந்திலும் இரண்டாவது கணு.

பெரிய கை போகிறது.

சாக்கைக் கட்டிவிடுங்கள். இல்லை, இறுக்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

...

தொப்பூர் வந்துவிட்டதா? டீக்கு நிறுத்துவான், பத்து நிமிடம். நீங்கள் இறங்குங்கள், நான் இருக்கிறேன். இல்லை, இருங்கள். கணவாய் ஏறி இறங்கிய நேரம் முழுக்க நான் பேசாமல் வந்தேனே, உடம்புக்கு ஒன்றுமில்லை. எண்ணிக்கொண்டு வந்தேன். ஐம்பது வலை. அதில் எச்சரிக்கையோடு போனது முப்பத்தேழு. வெட்டியது பன்னிரண்டு. வெட்டியதை இனி முடிந்து சேர்க்க முடியாது. ஆறு மாதம் போட்டது ஒன்று. அவள் இன்னும் ஊரில்தான் இருக்கிறாள்.

எண்பத்து மூன்று பேர் கரையில் நின்று பார்த்தார்கள், ஐயா. பதினைந்து அமாவாசை. ஒருவர் வாயைத் திறக்கவில்லை. மரியாதையாம். அந்த மரியாதை மேல் எனக்கு இப்போது பெரிய சந்தேகம் வருகிறது. என் வீட்டுக்காரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது மணி என்ன? ஒன்பதரை. லாரி ஐந்து மணிக்கு. அதோ எதிரில் நிற்கிறதே, அது பூதிப்பாறை போகிற வண்டிதான். நான் சேலம் போகவில்லை. கடைக்காரனிடம் கேட்க ஒன்றுமில்லை.

நீங்கள் என்னோடு வர வேண்டும்.

எழுந்திருக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள். நான் போய் வாயால் சொன்னால் முடியாது. கூட்டத்தில் எழுதிய சட்டம் அது, கை விட்டுத்தான் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் அளவை எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள், ஒருவன் சூடு காட்டி வளைத்துவிடுவான். எங்கள் ஆட்களில் ஒருவன் கையை வைக்கலாமென்றால் அவனவனுக்கு மச்சான், பங்காளி என்று நாலு பேர் இருப்பார்கள். உங்கள் கை நாலு அங்குலத்துக்குச் சரியாக இருக்கிறது. நானே ஐந்து இடத்தில் பார்த்துவிட்டேன். உங்களுக்கு எங்கள் அணை மீனில் ஒரு செதில்கூட வேண்டாம். இதைவிட நல்ல கை எனக்கு ஐந்து மணிக்குள் எங்கே கிடைக்கும்? பெருமாயி வலையில் ஐந்து இடம் விட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு லாரி ஏறாமல் இருந்தால் போதும். சாயங்கால வண்டியில் நானே உங்களை ஏற்றி உட்கார வைக்கிறேன். என் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், பேச வேண்டியதை நான் பேசுகிறேன். எப்படிப் பேசப்போகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் பேசிவிடுகிறேன்.

வருகிறீர்களா? சரி. பையை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கை நீங்களே தூக்கிக்கொண்டால் நல்லது. படி உயரம், பார்த்து இறங்குங்கள்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கம் நீங்கள் பெண் கொடுத்தது, எடுத்தது, ஏதாவது உண்டா?